சுருட்டு மயக்கம்: கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் துவரம் பருப்பைப் பற்றிக் கேட்டால், எந்த ஊர்ச் சரக்கு, எது நயம், எத்தனை நாள் தாங்கும் என்று கால் மணி நேரம் விளக்கம் சொல்வோம். அதே கடையில் ஓரமாக இருக்கும் சுருட்டுக் கட்டைப் பற்றிக் கேட்டால் விலையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. நாற்பது வருடத்துக்கும் மேலாக மொத்த வியாபாரம் செய்து வரும் நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன்.

தென்மாவட்டங்களில் கோயில் கொடை நடக்கும் காலத்தில் சுருட்டு விற்பனை கூடுவதை நாம் அறிவோம். சுடலைமாடன், கருப்பசாமி, முனியாண்டி போன்ற காவல் தெய்வங்களுக்குப் படையலில் சுருட்டு வைப்பது பழைய வழக்கம். படையல் முடிந்ததும் இளவட்டங்கள் சிலர் அந்தச் சுருட்டை எடுத்து விளையாட்டாகப் பற்றவைப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒருவன் முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்துச் சாய்ந்துவிடுவான். சிலர் "சாமி குற்றம்" என்பார்கள். சிலர் "சாப்பாடு சேரவில்லை" என்பார்கள். உண்மையில் அது புகையிலையில் உள்ள நிகோடின் என்னும் நஞ்சு தலைக்கேறியதால் வந்த மயக்கம். அது ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது, வந்தால் என்ன செய்வது என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நிகோடின் என்பது என்ன?

1560ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் புகையிலையைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரை ஒட்டியே நிகோடின் என்ற பெயர் வந்தது. 1828ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் இதைப் புகையிலையிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள்.

இது எவ்வளவு கடுமையான பொருள் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். செடியில் அசுவிணி விழுந்தால் புகையிலையை ஊறவைத்துக் கஷாயம் இறக்கித் தெளிக்கிறார்களே, அதில் பூச்சியைக் கொல்வது இந்த நிகோடின்தான். மனித உடம்பில் சிறிதளவு சேர்ந்தால் சுறுசுறுப்பு வந்ததுபோல் தோன்றும். அளவு மீறினால் மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தைத் தாக்குகிறது. தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கிறது. நாடி படபடக்கிறது, உமிழ்நீர் ஊறுகிறது, வேர்வை கொட்டுகிறது.

சிகரெட்டும் சுருட்டும் ஒன்றல்ல

"நான் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன், சுருட்டு என்னை என்ன செய்யும்?" என்று கேட்டு வாங்குபவர்கள்தான் அதிகமாக மயங்குகிறார்கள். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது அளவு. ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் நிகோடின் சுமார் 10 மில்லிகிராம். பிடிப்பவர் உடம்பில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். பெரிய சுருட்டு ஒன்றில் 5 கிராமும் அதற்கு மேலும் புகையிலை இருக்கும். அதில் நிகோடின் 100 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். அத்தனையும் உடம்பில் சேராது என்றாலும், சிகரெட்டோடு ஒப்பிட்டால் பல மடங்கு.

இரண்டாவது புகையின் தன்மை. சிகரெட்டுக்கான இலையைச் சூளையில் வெப்பமூட்டிப் பதப்படுத்துவதால் அதில் சர்க்கரைச் சத்து தங்குகிறது. அதன் புகை புளிப்புத் தன்மை உடையது. ஆகவே நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிகோடின் இரத்தத்தில் சேரும். சுருட்டு இலை காற்றிலும் வெயிலிலும் உலர்ந்து புழுங்கிப் பக்குவப்படுவது. அதன் புகை காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். புகையை உள்ளே இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. சிகரெட் பழக்கத்தில் ஒருவர் சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுத்தால், வாய் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் இரட்டிப்பாக ஏறுகிறது. அதனால்தான் சிகரெட்காரர் தடுமாறி விழுகிறார்.

திருச்சி உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வரை போனவை. அந்தப் பெருமை வேறு, உடம்பில் அது செய்யும் வேலை வேறு.

மயக்கம் யாருக்கு, எப்போது வரும்?

புதிதாகப் பிடிப்பவருக்கு முதலில் வரும். வழக்கமாகப் பிடிப்பவரின் உடம்பு நிகோடினுக்குப் பழகிவிடுவதால் அவருக்கு எளிதில் தெரிவதில்லை. ஆனால் இந்தப் பழக்கம் நிலையானதல்ல. சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே பழைய கணக்கில் ஒரு முழுச் சுருட்டைப் பிடித்தால் கிறுகிறுத்துப் போவார். இடைப்பட்ட நாளில் உடம்பின் பழக்கம் குறைந்துவிட்டது என்பதே காரணம்.

வெறும் வயிற்றில் பிடிப்பவர், அவசர அவசரமாக இழுப்பவர், மதுவோடு சேர்த்துப் பிடிப்பவர், வெயிலில் நீர் வற்றிக் களைத்திருப்பவர் ஆகியோருக்கும் விரைவில் வரும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டே சுருட்டுப் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சுண்ணாம்பு வாயின் காரத்தைக் கூட்டும். காரம் கூடினால் நிகோடின் வேகமாக ஏறும்.

பாதி பிடித்த சுருட்டை அணைத்துக் காதில் செருகிவைத்து, பிறகு பற்றவைக்கும் பழக்கமும் அப்படியே. சுருட்டு எரிய எரிய நிகோடினும் கறையும் வாய்ப்பக்க மிச்சத்தில் படிகின்றன. ஆகவே கடைசித் துண்டுதான் மிகவும் கடுமையானது. சிக்கனம் என்று நினைத்து அதை நுனிவரை உறிஞ்சுகிறவர் அதிக நஞ்சை வாங்கிக்கொள்கிறார்.

தவிர்ப்பது எப்படி?

மயக்கத்தைத் தவிர்க்கச் சிறந்த வழி சுருட்டைத் தொடாமல் இருப்பதுதான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிடித்தே தீருவேன் என்பவருக்கு நாம் சொல்லக்கூடியவை:

1. வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகே பிடிக்க வேண்டும்.

2. புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. எச்சிலையும் விழுங்கக் கூடாது.

3. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுக்கக் கூடாது. ஈரம் பட்ட சுருட்டு இழுவைக்கு வராது. அதைப் பலங்கொண்டு இழுப்பதைவிட எறிந்துவிடுவது நல்லது.

4. முழுவதும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதியில் நிறுத்தி மிச்சத்தை எறிந்துவிட வேண்டும்.

5. உட்கார்ந்து, காற்றோட்டமான இடத்தில் பிடிக்க வேண்டும். அருகில் தண்ணீர் இருக்கட்டும்.

6. மதுவோ சுண்ணாம்பு வெற்றிலையோ உடன் கூடாது.

7. வாயில் எச்சில் ஊறினாலோ, நெற்றி வேர்த்தாலோ, வயிறு புரட்டினாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு இழுப்பு" என்பதுதான் ஆளைக் கீழே தள்ளும்.

இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த ஏழையும் கடைப்பிடித்தாலும் தப்ப முடியாது. அவர்கள் அறவே தொடக்கூடாது.

மயங்கியவருக்கு என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் இந்த மயக்கம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் தானே தணியும். இரத்தத்தில் ஏறிய நிகோடினில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. அதுவரை செய்ய வேண்டியவை எளியவை.

சுருட்டை உடனே வாங்கி அணைத்துவிட வேண்டும். கூட்டத்தை விலக்கி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். வாயிலுள்ள புகையிலைத் துணுக்குகளைத் துப்பச் சொல்லி, தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும். வாயில் ஒட்டியிருப்பது மேற்கொண்டு ஏறாமல் இருக்க இது உதவும். தலை சுற்றினால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. புரட்டல் அடங்கியதும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

சர்க்கரையோ வெல்லமோ கொடுத்தால் சரியாகும் என்பது பலர் நம்பிக்கை. வெறும் வயிற்றில் இருந்தவருக்குச் சிறிது தெம்பு வரும், அவ்வளவுதான். அது நிகோடினை முறிக்காது. மோர், எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் முறிக்காது. நிகோடினுக்கென்று தனியாக ஒரு மாற்று மருந்து மருத்துவமனையிலும் கிடையாது. அங்கே மூச்சையும் நாடியையும் காத்து, நஞ்சு இறங்கும் வரை பார்த்துக்கொள்வார்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அரை நினைவில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தெளிந்துவிட்டது என்று சொன்னாலும் உடனே வண்டி ஓட்டிப் போக விடக்கூடாது.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், மூச்சுத் திணறினால், கைகால் இழுத்தால், கூப்பிட்டால் பதில் இல்லாமல் துவண்டால் தாமதிக்காமல் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாம் சுருட்டு மயக்கம் அல்ல

என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டு என் கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், காலையில் கடை பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். சிறிது நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. "தம்பி, வயிற்றைப் புரட்டுகிறது, தோள் கனக்கிறது" என்றார். வாந்தியும் எடுத்தார். நான் பெரிய வைத்தியர்போல், "ஒன்றுமில்லை ஐயா, வெறும் வயிற்றில் சுருட்டு ஏறிவிட்டது" என்று எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்து, விசிறிக்கொண்டு இருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய மகன் வந்து பார்த்துப் பதறி ஆட்டோவில் ஏற்றிப் போனார். மாரடைப்பு என்றார்கள்.

பெரியவர் பிழைத்தார். ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. பிறகு கடைக்கு வந்தபோதெல்லாம் என்னிடம் முன்போலவே அன்பாகப் பேசினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த அரை மணி நேரத்தை வீணாக்கியவன் நான் என்பது எனக்குத் தெரியும். அவர் நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்தவர். அத்தனை பழகிய உடம்பு ஒரு சுருட்டுக்குத் திடீரென்று ஏன் மயங்க வேண்டும் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

ஆகவே உறுப்பினர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மாரடைப்பிலும் வேர்வை, வாந்தி, தலைசுற்றல் வரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் நடுக்கமும் வேர்வையும் வரும். மயங்கியவர் வயதானவராகவோ, நெடுநாள் பிடிப்பவராகவோ இருந்தால், அல்லது நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ வலி, கனம், இறுக்கம் என்று சொன்னால், சுருட்டின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே சுருட்டு மயக்கம்தான் என்று சொன்னால் ஆட்டோக் கூலிதான் நட்டம்.

குழந்தைகளும் கிட்டங்கியும்

நம்மில் பலருக்கு வீடும் கடையும் ஒன்றாகவே இருக்கின்றன. தவழும் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போடும். பெரியவருக்குக் கிறுகிறுப்பு தரும் அளவு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். சுருட்டுத் துண்டையோ புகையிலையையோ குழந்தை தின்றுவிட்டால், வாயில் உள்ளதைத் துடைத்தெடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மிச்சத் துண்டையும் கையோடு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும். கடை வாசலில் கிடக்கும் துண்டுகளைக் காலையும் மாலையும் கூட்டி அள்ளுவது சுத்தத்துக்காக மட்டும் அல்ல.

கிட்டங்கியில் புகையிலைச் சிப்பம் ஏற்றி இறக்குபவர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். வயலில் மழையிலும் பனியிலும் நனைந்த புகையிலை பறிப்பவர்களுக்கு வரும் இந்த நோயைப் 'பச்சைப் புகையிலை நோய்' என்பார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கண்டறிந்து 1970இல் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். மழையில் நனைந்த சிப்பத்தை வெறும் முதுகில் சுமந்தவர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று திட்டிவிடக் கூடாது. நனைந்த சட்டையை மாற்றச் சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவவைத்து, ஓய்வு கொடுக்க வேண்டும். சுமைக்கு முன் முதுகில் ஒரு தார்ப்பாய்த் துண்டும் கைக்கு உறையும் கொடுத்தால் வராமலே தடுக்கலாம்.

விற்பனையில் நம் பொறுப்பு

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த அறிவிப்புப் பலகை கடையில் இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, சிறுவருக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "சாமிக்கு அண்ணாச்சி, அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று சிறுவன் வந்து நின்றால், "அப்பாவையே வரச் சொல் தம்பி" என்று திருப்பி அனுப்புவதே முறை. சாமி கோபித்துக்கொள்ளாது.

பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை நடைமுறையில் உள்ளது. ஆகவே கடை வாசலில் நெருப்புக் கயிறு தொங்கவிட்ட காலம் முடிந்தது. வாடிக்கையாளரைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சுருட்டுப் பற்றவைக்கச் சொல்வதும், நான் அன்று செய்ததுபோல, இனி மரியாதை ஆகாது.

"விற்கிற நீயே குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். கட்டாக விற்கும்போது மேலே எச்சரிக்கைப் படம் இருக்கிறது. கட்டைப் பிரித்து ஒன்றிரண்டாக எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் படம் நம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்குபவர் கையில் போவது சுருட்டு மட்டுமே. அந்த எச்சரிக்கையை வாயால் சொல்வது நம் கடமை. "வெறும் வயிற்றில் வேண்டாம், உள்ளே இழுக்க வேண்டாம், புரட்டினால் எறிந்துவிடுங்கள்." இவ்வளவு சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மயக்கம் வராததால் கெடுதல் இல்லை என்று பொருள் இல்லை. மயக்கம் என்பது உடம்பு அடிக்கும் முதல் மணி. பழகப் பழக மணி அடிப்பது நிற்கிறது, கெடுதல் நிற்பதில்லை. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் வருகிறது. விரதம் முடித்து வரும் வாடிக்கையாளரிடம், "ஒரு மண்டலம் இல்லாமல் இருந்துவிட்டீர்களே, அப்படியே விட்டுவிடலாமே" என்று சொல்லிப் பாருங்கள். விட விரும்புபவருக்கு அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை உண்டு. எண் 1800 11 2356. ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கலாம்.

ஒரு சுருட்டு வியாபாரம் குறைந்தால் நமக்குச் சில ரூபாய் நட்டம். அந்த வாடிக்கையாளர் இன்னும் இருபது வருடம் நம்மிடம் அரிசியும் பருப்பும் வாங்கினால் அதுதான் லாபம்.